ஆறு புதன்கிழமையும் ஒரு சலூன் நாற்காலியும்

வாடிக்கையாளரின் இடது கன்னம் சிரைத்தாகிவிட்டது. வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. அந்த நிலைமையில் அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

“உட்காருங்க, இன்னும் பாதி இருக்கு,” என்றார் சவரக் கத்தியோடு நின்ற யோசனைக்காரர்.

“மீதிய வீட்ல பாத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கட்டிய துணியோடேயே அவர் வாசலைத் தாண்டினார். பெஞ்சில் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்திருந்த பெரிய மனிதரும் எழுந்தார். செய்தித்தாளை நாலாக மடித்தார். யோசனைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். முடி வெட்டாமலே போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். சவரத்துக்கு உட்கார்ந்தவர், மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம் என்றார். எந்த வீடு என்று யோசனைக்காரர் கேட்டார். அவரும் சொன்னார். “அந்த வீடா? வேண்டாங்க. பொண்ணு தங்கம். அப்பன் எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான்,” என்று யோசனைக்காரர் யோசனை சொன்னார். அந்த அப்பன்தான் செய்தித்தாளுக்குள் இருந்தார்.

பத்தொன்பது வருஷமாக வாசலிலிருந்து இரண்டாவது நாற்காலி யோசனைக்காரருடையது. தலையைக் கொடுத்தவனுக்கு யோசனை இலவசம். எந்தக் கடையில் செருப்பு வாங்கலாம், எந்த மருமகனை எங்கே வைக்கலாம், வயிற்றுவலிக்கு எந்தப் பக்கம் படுக்கலாம், எல்லாம் சொல்வார். யாரும் கேட்டதில்லை. கேட்டால்தான் சொல்வது என்று இருந்தால் உலகத்தில் பாதிப் பேர் ஊமையாகத்தான் இருக்கவேண்டும்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். யோசனைக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன் அவர். உயரம் கம்மி, குரல் அதிகம். ஒரு காலத்தில் சீப்பு கீழே விழுந்தால் ஆளைத் துரத்துவார். தும்மினால் துரத்துவார். ஒருவனைக் காலையில் வேலைக்குச் சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் துரத்திய சாதனையும் அவர் கணக்கில் உண்டு. இரண்டு வருஷமாகத்தான் கை ஓய்ந்திருந்தது. வயசாகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

“மாப்பிள்ளை! நாளையிலேருந்து நீங்க...”

அதோடு நின்றுவிட்டார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு சுண்டுவிரல் பருமனுக்குப் புடைத்தது. விறுவிறுவென்று கடையின் பின்பக்கம் போனார். ஒரு செம்புத் தண்ணீர் மடமடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தினால்கூட யோசனைக்காரர் பயப்படமாட்டார், இதற்குப் பயந்தார்.

“மாப்பிள்ளை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில ஒரு ஆலோசனை மையம் இருக்கு. புதன்கிழமை மதியம் அங்க போங்க. ஆறு புதன். நான் சொல்லி வைக்கிறேன்.”

“எனக்கு என்ன மச்சான் நோவு?”

“வாய்.”

“சரி, ஆறு புதன் முடிஞ்சா?”

“முடியட்டும். அந்த நாற்காலி உங்களுக்கா, வேற ஆளுக்கான்னு அப்புறம் பாக்கலாம்.”

மூன்றாவது நாற்காலியில் வேலை செய்யும், மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடிக்காரன் குனிந்து சிரித்தான். “போயிட்டு வாங்கண்ணே. ஆறு வாரம்தானே, ஓடிடும். அங்க பிஸ்கட் நல்லாயிருக்கும்.”

“உனக்கெப்படிடா தெரியும்?”

“சொன்னாங்க,” என்று மிஷினைப் போட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டான்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டதும் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள். “எங்க அண்ணன் உங்களைக் கடையவிட்டு அனுப்பிட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் பொறந்த வீட்டுக்குப் போவேன்? இந்த வயசுல உங்களுக்கு எவன் நாற்காலி குடுப்பான்?”

“நாலு பேருக்கு நல்லது சொன்னது தப்பா?”

“நாலு பேரா? போன வாரம் சவ ஊர்வலத்துல போனவங்களை நிறுத்தி, அந்தத் தெரு வழியாப் போங்க, நிழலா இருக்கும்னு சொன்னீங்களே. யாருக்கு நிழல்? படுத்திருக்கிறவருக்கா? போங்க. அந்த டாக்டர் என்ன சொல்றாரோ அப்படியே கேளுங்க.”

அங்கேதான் சிக்கல். அந்த டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த ஆலோசகரை டாக்டர் என்றுதான் அழைத்தார்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை, கழுத்தில் குழாய் இல்லை. எதிரெதிராக இரண்டு நாற்காலி, ஒரு பூச்செடி, ஒரு தட்டில் பிஸ்கட். மனசைப் படிக்கிறவராம். மனசு என்ன, எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய செய்தித்தாளா? அவர் ஒரு காதுக்கு மேலிருந்த நாலு முடியை இழுத்து, வழுக்கையைத் தாண்டி, அடுத்த காதுவரை கொண்டுபோய்ப் படியவைத்திருந்தார். யோசனைக்காரரின் நாக்கு அப்போதே துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க,” என்றார் ஆலோசகர்.

“நான் எல்லாருக்கும் அறிவுரை சொல்றேனாம். அதை நிறுத்தணுமாம்.”

“நிறுத்தணும்னு நினைக்கிறீங்க.”

“நான் நினைக்கலை சார். எங்க மச்சான் நினைக்கிறாரு.”

“மச்சான் நினைக்கிறாரு.”

“அதைத்தானே நானும் சொன்னேன்?”

“நீங்களும் சொன்னீங்க,” என்று ஆலோசகர் தலையாட்டினார்.

யோசனைக்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்காரன் சொன்னது சரிதான், நன்றாக இருந்தது.

“மாறணும்னு உங்களுக்கு எவ்வளவு விருப்பம்? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்களேன்.”

“ஆறு.”

“ஏன் நாலுன்னு சொல்லாம ஆறுன்னு சொன்னீங்க?”

பேரம் பேசுகிறார் என்று யோசனைக்காரர் புரிந்துகொண்டார். “சரி, உங்களுக்காக அஞ்சு. அதுக்குக் கீழ கட்டுப்படியாகாது.”

ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் யோசனைக்காரர் நேரடியாகவே கேட்டார்: “சார், இப்ப நான் என்னதான் பண்ணணும்?”

“நீங்க என்ன பண்ணலாம்னு உங்களுக்குத் தோணுது?”

“வெளிய போர்டுல ஆலோசனைன்னு போட்டிருக்கே சார்!”

“அந்த போர்டைப் பாத்ததும் உங்களுக்கு ஏதோ எதிர்பார்ப்பு வந்திருக்கு.”

வெளியே வரவேற்பு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். “முடிஞ்சுதா அண்ணே? அடுத்த புதன் இதே நேரம்,” என்று பதிவேட்டில் ஒரு கோடு போட்டாள்.

ஆலோசகர் சொல்லாததால் யோசனைக்காரர் தானே ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்தார். வாய் இருந்தால்தானே பேசும்? மறுநாளிலிருந்து சீப்பைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு வேலை செய்தார்.

தையல்காரர் முடி வெட்ட வந்தார். “என்ன, இன்னிக்குப் பேச்சையே காணோம்?”

யோசனைக்காரர் பேசவில்லை. பின்னந்தலையில் கத்தரி மட்டும் பேசியது.

“தலையில ஏதாவது பாத்தீங்களா?”

பேசவில்லை.

“கட்டியா?”

யோசனைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். வாயில் சீப்பு இருந்ததால் மெதுவாக ஆட்டவேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்த தையல்காரருக்கு அது, ‘ஐயோ பாவம், குடும்பஸ்தன்’ என்பதுபோல் தெரிந்தது.

“வாய்விட்டுச் சொல்ற மாதிரி இல்லையா?” என்றவர் எழுந்து ஓடினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையை எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். உயில் எழுதினார். தம்பியோடு பத்து வருஷமாக இருந்த சண்டையை அழுது முடித்து, வீட்டில் பாதியை அவனுக்குக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்தார். நாலாம் நாள் படம் வந்தது. தலைக்குள் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார்.

“பாதி வீடு போச்சு! ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?”

முதலாளி எழுந்தார். “மாப்பிள்ளை, இந்த நிமிஷமே...” என்றார். நின்றார். பின்பக்கம் போனார். இந்தத் தடவை இரண்டு செம்பு.

இரண்டாவது புதன் ஆலோசகர் கேட்டார்: “ஒரு வாரம் பேசாம இருந்தீங்க. எப்படி இருந்துச்சு?”

“சீப்பு கசந்துச்சு சார்.”

“கசப்பா உணர்ந்தீங்க.”

யோசனைக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த மனுஷன் ஒரு யோசனைகூடச் சொல்லாமல் நாள் பூராவும் பேசுகிறார். பேசியே பிழைக்கிறார். அவரால் முடியும் என்றால் நம்மால் ஏன் முடியாது?

அடுத்த நாள் காலையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். ஞாயிறு உட்பட தினமும் சவரம் செய்துகொள்பவர். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் கடைக்கு வேறு ஆளே வேண்டாம்.

“சீக்கிரம், ஷேவிங்,” என்றார்.

“ஷேவிங் வேணும்னு நினைக்கிறீங்க,” என்றார் யோசனைக்காரர்.

“ஆமா.”

“எவ்வளவு வேணும்? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்களேன்.”

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. “நிஜமாச் சொல்லணும்னா, ரெண்டு.”

“ஏன் ஒண்ணுன்னு சொல்லாம ரெண்டு?”

மருந்துக்கடைக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “நீ சொல்றதும் சரிதான். ஒண்ணுதான்,” என்று எழுந்து போனார். அன்றிலிருந்து தாடி.

அடுத்து வாத்தியார். நாற்பது பிள்ளைகளை மிரட்டுபவர். வீட்டில் ஒருவரிடம் மட்டும் கை கட்டுபவர்.

“குட்டையா வெட்டுப்பா. வீட்ல சொன்னாங்க.”

“வீட்ல சொன்னாங்க.”

“ஆமா.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

வாத்தியார் வாயைத் திறந்தார். “எனக்கா?” என்றார். கண் கலங்கிவிட்டது. இருபத்துமூன்று வருஷத்தில் தனக்கு என்னவெல்லாம் தோன்றியது என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். ஒன்றரை மணி நேரம் யோசித்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களில் மூன்று பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். கடைசியில், முடியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வாத்தியாரின் மனைவி கடை வாசலில் நின்றாள்.

“எவன்யா அது, என் வீட்டுக்காரருக்குத் தோண வச்சவன்?”

கண்ணாடிக்காரன் தயங்காமல் இரண்டாவது நாற்காலியைக் காட்டினான்.

“நேத்து ராத்திரி பாத்திரம் கழுவச் சொன்னா, ‘கழுவணும்னு நீ நினைக்கிற’ங்கிறாரு! கரண்ட் பில் கட்டிட்டு வாங்கன்னா, ‘எனக்கு அதுல மூணுதான் இருக்கு’ங்கிறாரு! மூணு என்னய்யா மூணு?”

“நாலு இல்லாம மூணு ஏன்னு கேட்டீங்களாம்மா?” என்றார் யோசனைக்காரர், பழக்க தோஷத்தில்.

அவள் செருப்பைக் கழற்றினாள். முதலாளி இடையில் விழுந்து தடுத்தார். சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினார். உதடு துடித்தது. “மாப்பிள்ளை, உங்க கத்தரி, சீப்பு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு...” என்றார். வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். செம்புச் சத்தம் கேட்கவில்லை. குடத்தையே தூக்கிவிட்டார் போலிருந்தது.

வெளியே வந்து, “இன்னும் எத்தனை புதன் பாக்கி?” என்று கேட்டார்.

“நாலு மச்சான்.”

“நாலா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மச்சானுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது, நாம் இன்னும் மாறவில்லை என்று யோசனைக்காரர் கணக்குப் போட்டார். அன்று மாலை வீட்டில் முழுமூச்சாகப் பயிற்சி செய்தார்.

“ஏங்க, தண்ணி மோட்டாரைப் போடுங்க,” என்றாள் மனைவி.

“மோட்டார் ஓடணும்னு உனக்கு ஆசையா இருக்கு.”

“ஆசையா? என்னமோ நகை கேட்ட மாதிரி சொல்றீங்க. தொட்டி காலி.”

“தொட்டி காலின்னு உணர்ற.”

அவள் ஒரு காலி வாளியை அவர் தலையில் கவிழ்த்தாள். “இப்ப நீங்க என்ன உணர்றீங்க?”

வாளிக்குள்ளிருந்து அவர் கேட்டார்: “நான் மாறணும்னு நீ எவ்வளவு விரும்புற? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள...”

“பதினாறு.”

மூன்றாவது புதன் இதையெல்லாம் சொல்லி யோசனைக்காரர் புலம்பினார். ஆலோசகர் கேட்டுக்கொண்டார். வாளியைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார். அந்த வாரம் யோசனைக்காரர் வாயையும் திறக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டார். அந்த மூன்று நாள்தான் கடையில் எந்த வம்பும் இல்லை. ஆனால் நாற்காலி காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கிற நாற்காலியைப் பார்த்தால் யாருக்கும் இன்னொரு ஆள் ஞாபகம் வரும். நாலாவது நாள் அவரே எழுந்து ஓடி வந்துவிட்டார்.

நாலாவது புதன் ஆலோசகர் கொஞ்சம் புதிதாக ஒன்று கேட்டார். “அறிவுரை வாயில வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி என்ன நடக்குதுன்னு எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா?”

யோசனைக்காரர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். தலையைப் பார்க்கும்போது ஒன்றும் வருவதில்லை. எதிரே கண்ணாடியில் ஆளின் முகம் தெரிகிறதே, அதைப் பார்த்தால்தான் வருகிறது. முகத்தைப் பார்த்ததும் இவனுக்கு என்ன குறை என்று தெரிந்துவிடுகிறது.

“கண்டுபிடிச்சுட்டேன் சார்!” என்று பிஸ்கட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அடுத்த நாள் காலையில் முதலாளி வந்தபோது கடையிலிருந்த கண்ணாடிகள் மேலெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

“இது என்ன மாப்பிள்ளை?”

“வைத்தியம் மச்சான்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எண்ணுகிறார் என்று கண்ணாடிக்காரன் சொன்னான்.

மதியம்வரை எல்லாம் சரியாகப் போனது. முகம் தெரியவில்லை, யோசனையும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த பஸ் கண்டக்டர் எதிரே ஒட்டியிருந்த ஒரு கொலைச் செய்தியை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார். யோசனைக்காரர் பிடரியில் மிஷினை வைத்திருந்தார். செய்தி பாதியில் முடிந்து, ‘மீதி ஏழாம் பக்கம்’ என்று போட்டிருந்தது. ஏழாம் பக்கம் மூன்றாவது நாற்காலிக்கு எதிரே ஒட்டியிருந்தது. கண்டக்டர் வெடுக்கென்று திரும்பினார். மிஷின் பிடரியில் ஏறி உச்சியில் இறங்கியது. நடுவில் ஒரு தார் ரோடு.

“கொன்னது யாரு?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். தலையைத் தடவிப் பார்த்தபிறகு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. கொல்லப்போவது யார் என்று தெரிந்துவிட்டது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். செய்தித்தாள் கண்ணாடிகள்மேல் அப்படியே இருந்தது.

அந்த வட்டாரத்தில் இன்ஸ்பெக்டரின் மீசையைத் தெரியாதவர்கள் இல்லை. ஆள் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் மீசை திரும்பும். பாதித் திருடர்கள் மீசையைப் பார்த்தே ஒப்புக்கொண்டவர்கள். அன்றைக்கு வீட்டில் என்ன சண்டையோ, வந்த வேகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மீசைய எடுத்துடு.”

யோசனைக்காரர் கத்தியை எடுத்தார். பத்தொன்பது வருஷ அனுபவம் தொண்டையில் வந்து முட்டியது. ‘வேண்டாங்க ஐயா, கோபத்துல எடுக்கிற மீசை அழுதாலும் வராது’ என்று சொல்ல நாக்கு எழும்பியது. சொன்னால் அது அறிவுரை. அறிவுரை சொன்னால் நாற்காலி போகும். பாக்கி இருப்பது ஒரே ஒரு புதன்தான். ஐந்தாவது முந்தாநாளே முடிந்திருந்தது.

நாக்கை மடித்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன தோணுதுங்க ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

“எடுத்துடுன்னுதான்யா தோணுது!”

எடுத்துவிட்டார்.

எதிரே கண்ணாடி இல்லை. இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்காமலே எழுந்து ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் குறுக்கே தடியை நீட்டி, “யாருய்யா நீ? உன் பாட்டுக்கு உள்ள நுழையிற? போலீஸ் யூனிபார்ம் எங்க திருடின?” என்று கேட்டான்.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் மூக்குக்குக் கீழே கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். குரல் உடைந்திருந்தது.

“ஊருக்கெல்லாம் சொல்லுவியேய்யா! செருப்பு எங்க வாங்கணும்னு சொல்லுவ, எந்தப் பக்கம் படுக்கணும்னு சொல்லுவ! வேண்டாம்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? லாக்கப்புல இருக்கிறவன் என்னை ‘வாப்பா’ங்கிறான்!”

அவர் போனதும் முதலாளி எழுந்து யோசனைக்காரர் முன்னால் வந்து நின்றார். ஐந்து வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். வாய் திறந்தது, மூடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது; குடித்ததெல்லாம் எங்கேயாவது வரவேண்டுமே.

“மாப்பிள்ளை,” என்று கடைசியில் மூச்சு விட்டார். “புதன்கிழமை போயிட்டு வந்துடுங்க. தயவுபண்ணிப் போயிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் கடைப்பக்கம் வராதீங்க. உங்களைப் பாத்தா என்னால முடியலை.”

முடிந்தது கதை என்று யோசனைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

ஆறாவது புதன் அவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மாடி ஏறினார். காலையில் மனைவி ஒன்றும் பேசாமல் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பேசாத காலை அது ஒன்றுதான்.

“எப்படி இருக்கீங்க?” என்றார் ஆலோசகர்.

“தோத்துட்டேன் சார்.”

“தோத்துட்டதா உணர்றீங்க.”

இதோடு யோசனைக்காரருக்கு உள்ளே எதுவோ அறுந்தது.

“யோவ் சார்! உணர்றதாவது, மண்ணாவது! என் பொழப்பு போகப்போகுது! ஆறு வாரமா என் வாயிலேருந்து விழுந்ததைப் பொறுக்கி என்கிட்டயே குடுத்துக்கிட்டிருக்கீங்க! கிளிகூட நடுவுல ஒரு பழம் கேக்கும்! இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கங்க. இந்த நாற்காலிய ஜன்னலுக்கு எதிர்ல போடாதீங்க, வர்றவன் கண்ணு கூசி அழறான், நீங்க மனசு உருகி அழறான்னு நினைச்சுக்கிறீங்க. அந்தப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தாதீங்க, அது பிளாஸ்டிக். அப்புறம், அந்த நாலு முடிய இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்குப் பாலம் போடுறதை விடுங்க. காத்தடிச்சா அது கொடி மாதிரி நிக்குது. சுத்தமா ஒட்ட வெட்டிட்டு, தாடிய லேசா விட்டீங்கன்னா, பத்து வயசு குறையும்!”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். கை மெல்ல அந்த நாலு முடிமேல் போனது.

“நிஜமாவா? தாடி எனக்கு நல்லாயிருக்குமா?” என்றார். அந்த ஆறு வாரத்தில் அவர் கேட்ட முதல் நேரான கேள்வி அது.

“மூணு நாள் தாடி. அதுக்கு மேல விட்டா சாமியார்.”

ஆலோசகர் எழுதிக்கொண்டார். யோசனைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், நான் மாறிட்டேனா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

வேறு வழியில்லை. யோசனைக்காரர் வெளியே வந்து வரவேற்பு மேசைப் பெண்ணின் முன்னால் கைகூப்பி நின்றார்.

“அம்மா தாயே, ஒரு சீட்டு எழுதிக் குடும்மா. இந்தாளு ஆறு வாரம் ஒழுங்கா வந்தான், பழக்கத்தை விட்டுட்டான்னு. அதைக் காட்டினாத்தான் எங்க மச்சான் நாற்காலிய விட்டு வைப்பாரு. பொய்தான். பாவம் எனக்கு வரட்டும்.”

“சீட்டு நேத்தே ரெடியாயிடுச்சு அண்ணே,” என்று அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

யோசனைக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘ஆறு வாரமும் பயிற்சியை விடாமல் கடைப்பிடித்தார். கடுமையான சோதனைகளிலும் பழைய பழக்கத்துக்குத் திரும்பவில்லை. வியக்கத்தக்க முன்னேற்றம்.’ கீழே கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. உள்ளே இருக்கிற கிளி கடைசியில் மனுஷன்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“பத்திரமா வச்சுக்கிறேம்மா. கண்ணாடி போட்டு வீட்ல மாட்டப்போறேன்.”

அவள் பதறி எழுந்தாள்.

“ஐயையோ, அது உங்க மச்சானோட சீட்டு அண்ணே, அவருகிட்ட குடுங்க! கோவம் வந்தா உடனே ஆளை வேலையவிட்டுத் துரத்துற பழக்கத்துக்கு ரெண்டு வருஷமா இங்க வைத்தியம் பாக்குறது அவருதான். துரத்தணும்னு தோணுற ஆளை ஆறு வாரம் இங்க அனுப்பிட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்திருக்கணும், அதுதான் அவருக்குப் பயிற்சி. நீங்க சும்மா வந்து பிஸ்கட் தின்னுட்டுப் போயிருந்தாலே போதும், உங்களை யாரு மாறச் சொன்னது?”